டீச்சரம்மாவின் காது மெசின்

இப்போது நான் மகனோடு இருக்கிற மாடிக் கட்டிடத்தில் பராமரிப்பு வேலைக்கென்று இரண்டு பேர் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் லிஃப்ட் நின்றாலும் பம்ப் நின்றாலும் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பழசைக் கழற்று, புதுசைப் போடு. "அதுக்கு எதுக்குடா மெக்கானிக்? மூட்டை தூக்குற ஆள் போதுமே" என்று ஒருநாள் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவர்கள் கோபிக்கவில்லை. "அப்ப ஒங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான ரிப்பேர் எது? சொல்லுங்க ஐயா, பாப்பம்" என்றார்கள்.

பெரிய ஜெனரேட்டர் கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "ரெண்டு முழ நீள வயர்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

நான் கொழும்பில் ஜிந்துப்பிட்டியில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டுத் துறைமுகக் கூலி வேலைக்கு வந்தவர். பதினாறு வயதில் என்னைக் கொட்டாஞ்சேனையில் மோட்டர் கட்டும் கடை ஒன்றில் சேர்த்துவிட்டார். மோட்டர் கட்டுவதென்றால், எரிந்துபோன மோட்டரில் இருக்கிற கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது. பன்னிரண்டு வருசம் சுற்றினேன். பிறகு தமிழர்களை அடித்த கலவரத்தில் கடை எரிந்தது. முதலாளி இந்தியாவுக்குக் கப்பலேறினார். நான் ஒரு பையில் குறடும் டெஸ்டரும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அப்படித்தான் வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தண்ணீர் பம்ப் ஓடவில்லை என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் வேலைக்குப் போனவன் இருபத்திரண்டு வருசம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த வீட்டை இன்றைக்கு நினைத்தாலும் மனசு குளிரும். பெரிய வளவு. நடுவில் வீடு, பின்பக்கம் கிணறு, ஒரு பலா, கோழிக்கூடு. ரயில் போனால் ஜன்னல் எல்லாம் ஆடும். வீட்டுக்காரி யாழ்ப்பாணத்து அம்மா, கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். நான் டீச்சரம்மா என்பேன். மேல்மாடியில் ஆறு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். வடக்கிலிருந்து விசா எடுக்க வந்தவர்கள், மகன் கனடாவுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தவர்கள் என்று எப்போதும் இருபது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் தண்ணீர் ஏற்ற பம்ப், மா அரைக்கக் கிரைண்டர், தூள் இடிக்கும் மெசின், கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டி, கரண்ட் போனால் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர். சின்னதும் பெரியதுமாய் ஒரே வீட்டில் எட்டு மோட்டர் என்றால் பாருங்களேன்.

இதில் எதையும் வெளியே கொடுத்துத் திருத்தக்கூடாது என்பது டீச்சரம்மாவின் கட்டளை. "வெளியிலை குடுத்தால் அது திரும்பி வரேக்கை எங்கடை சாமானாய் வராது" என்பார். யுத்தகாலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு மோட்டரைத் தூக்கிக்கொண்டு காலி வீதி என்ற பெரிய ரோட்டுக்குப் போனால் ஒவ்வொரு ஆமித் தடுப்பிலும் அதைப் பிரித்துக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். தெரியாத ஆளை வீட்டுக்குள் கூப்பிட்டால், மாடியில் இருக்கிற வடக்கு ஆட்களைப் பற்றி அவன் வெளியே என்ன சொல்வான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாம் வளவுக்குள்ளேயே.

முதல் நாள் பம்பைப் போட்டுப் பார்த்தேன். ஏதோ தட்டுகிற சத்தம். "பேரிங் போச்சுங்க" என்றேன், பன்னிரண்டு வருச மிதப்பில்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிழை எண்டு சொல்லாதையும். என்ன நடக்குது எண்டு சொல்லும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாடம் எடுக்கிறாளே இந்த அம்மா என்று நினைத்தேன். அவர் குசினிக்குள் போய் ஒரு நீளக் காம்பு அகப்பையைக் கொண்டுவந்தார். சிரட்டைப் பக்கத்தைப் பம்பில் அழுத்தினார், காம்பின் நுனியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரிங் எண்டால் ஒரே இரைச்சலாய் இருக்கும். இது ஒரு சுத்துக்கு ஒருக்காத் தட்டுது. உள்ளுக்கை ஏதோ கிடக்குது" என்றார்.

கழற்றினேன். உள்ளே ஒரு சட்டைப் பட்டன்.

அப்புறம்தான் விசயம் தெரிந்தது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, வைத்தியம் பிழைத்து, டீச்சரம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம். "காதிலைதான் பிழை, எலும்பிலை பிழையில்லை" என்பார். முப்பது வருசம் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே கணக்குப் படிப்பித்திருக்கிறார். வீட்டில் நாங்கள் முகத்தைப் பார்த்துக் கதைத்தால் எல்லாம் விளங்கிவிடும். வெளியே போகும்போது மட்டும் காது மெசின் போடுவார். அவருடைய தங்கை லண்டனிலிருந்து அனுப்பினது. சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதை இடுப்பில் சேலைக்குள் சொருகியிருப்பார். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கழுத்துப் பக்கமாக ஏறிக் காதுக்குப் போகும்.

வேலையெல்லாம் எழுத ஒரு கொப்பி இருந்தது. அதில் இரண்டு பத்தி. ஒன்றில் 'நடந்தது', மற்றதில் 'செய்தது'. காரணம் எழுதப் பத்தி கிடையாது. "காரணம் கண்டவன் கண்டபடி சொல்லுவான்" என்பார். முதல் வருசம் அந்தக் கொப்பியைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூன்றாம் வருசம் அதைப் புரட்டிப் பார்த்தே, கிரைண்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தின்னும் என்று சொல்லக்கூடியவனாகிவிட்டேன்.

தூள் மெசின் கதையை எழுதாவிட்டால் மாடியில் இருந்த பழைய ஆட்கள் யாராவது படித்துவிட்டு என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஒருநாள் அதன் மூடியைச் சரியாகப் பூட்டாமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன். ஐந்து கிலோ வறுத்த மிளகாய். அடேயப்பா! வீடு தும்மி, ஒழுங்கை தும்மி, மூலையில் நின்ற சென்ட்ரி வரைக்கும் தும்மல். இரண்டு ஆமிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள், ஏதோ விசவாயு என்று நினைத்து. டீச்சரம்மா அவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் தூளும் கொடுத்தார். கொப்பியில், "நடந்தது: எல்லாரும் தும்மினது. செய்தது: மோர் குடுத்தது" என்று எழுதி வைத்தார். அப்படியும் சிரித்திருக்கிறோம் அந்த நாட்களில்.

இனி வயருக்கு வருகிறேன்.

ஒரு விடியற்காலை ஜிந்துப்பிட்டியில் சுற்றிவளைப்பு. எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆம்பிளைகளை ரோட்டுக்கு இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன், சரி என்றார்கள். பையைத் திறந்தார்கள். வயர், பட்டரி, குறடு, டெஸ்டர். சரி இல்லை என்றார்கள். "பம்ப் வேல பாக்குறவன் மாத்தயா, ஐயா" என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னேன். யார் கேட்டது? பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். எந்த இடம் என்பதை இங்கே எழுதவில்லை, உள்ளே நடந்ததையும் எழுதப்போவதில்லை. என் வலது கையைத்தான் அதிகம் பிடித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பதினெட்டு நாளும் டீச்சரம்மா பஸ் ஏறி வந்து அந்த இடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி ராஜம்தான் பிறகு சொன்னாள். மடியில் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு, போகிற வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் விரித்துக் காட்டுவாராம். இந்தத் திகதியில் இந்த வயர் பம்புக்கு, இந்தத் திகதியில் இந்த பட்டரி காலிங் பெல்லுக்கு என்று. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரிய அதிகாரி கடைசியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாராம். தும்மல் பக்கத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டாராம். அடுத்த நாள் என்னை விட்டார்கள்.

"அந்தம்மா இல்லேன்னா ஒன்ன நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?" என்று ராஜம் அழுதாள். அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். பதினோராம் நாள் வாசலில் சனம் முண்டியடித்ததில் டீச்சரம்மாவின் காது மெசின் வயர் யாருடைய கையிலோ மாட்டி அறுந்துவிட்டதாம். மிச்ச ஏழு நாளும் ஒரு சத்தமும் கேட்காமல்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த எனக்குக் கை நடுங்கியது. தேத்தண்ணி கோப்பையைத் தூக்கினால் பாதி தரையில். ஒரு ஸ்குரூவை அதன் ஓட்டையில் வைக்க முடியவில்லை. முப்பத்தொன்பது வயது, கையை நம்பிப் பிழைக்கிறவன். இனி இந்தக் கை இவ்வளவுதான் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டு கிழமை பார்த்துவிட்டு ராஜம் போர்வையை உருவினாள். "கைக்கு வேல இல்லாட்டி மனுசன் பைத்தியமாயிருவான். எந்திரி, போ."

போனேன். டீச்சரம்மா ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்குக் கோயில் கட்டலாம், ஏனென்றால் ஜிந்துப்பிட்டியில் கேட்காத ஆளில்லை. மேசையில் பெட்டியையும் அறுந்த வயரையும் வைத்தார். "கொழும்புக் கோட்டையிலை உள்ள கடையளிலை எல்லாம் கேட்டுப் பார்த்தாச்சு, இந்த வயர் இல்லை. லண்டனிலை இருந்து வர மாசக் கணக்காகும். ஏலுமெண்டால் பாரும்" என்றார்.

எனக்காக வந்து அறுந்த வயர். செய்யாமல் விடுவேனா? முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையையும் சுரண்டி ஈயம் வைத்தேன். அரை நாள் போனது. கடைசித் துளி ஈயம் வைக்கும்போது பார்க்கிறேன், கை நடுங்கவில்லை. நானே என் கையை வேறு யாருடையதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெசினை மாட்டிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். "டீச்சரம்மா, கேக்குதுங்களா?"

"ஓம். வடிவாக் கேக்குது."

"சந்தேகம் இல்லையே?"

"இல்லை எண்டு சொல்லுறனே. வடிவாக் கேக்குது, பழனி."

கொப்பியில் எழுதினார். 'நடந்தது: வயர் அறுந்தது. செய்தது: பழனி ஈயம் வைத்துப் பொருத்தினார்.' அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். ராஜம் என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அடுத்த நாள் பம்ப், அதற்கடுத்த நாள் ஜெனரேட்டர் என்று கை மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பியது. அவ்வப்போது நடுங்கும். நடுங்கினால் சாமானை வைத்துவிட்டு, நின்ற பிறகு எடுப்பேன்.

மாடியில் ஆள் மாறினால் அவர்களுடைய பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் ஒரு ஃபோமில் நிரப்பிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் டீச்சரம்மா அதைக் கொண்டுபோவார். முன்பெல்லாம் நானும் குடை பிடித்துக்கொண்டு கூடப் போவேன். திரும்பி வந்த பிறகு அந்த ரோட்டுப் பக்கம் என் கால் போக மறுத்தது. அவர் அதைக் கவனித்திருக்கிறார். வியாழக்கிழமை வந்தால், "நீர் கோழிக்கூட்டைப் பாரும், நான் போட்டு வாறன்" என்று தானே சொல்லிவிட்டுப் போய்விடுவார். நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன். வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது வியாழக்கிழமை அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். மாடியில் இருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி படியில் நின்று கத்தினாள். "அண்ணை! ரீச்சர் என்ர ஃபோமை விட்டிட்டுப் போட்டா! இது குடுக்காட்டி என்னையெல்லோ பிடிப்பாங்கள்!"

அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். தாளை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

பொலிஸுக்குப் போகிற ரோட்டில் தடுப்புப் போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் சனம் நடந்துகொண்டிருந்தது. டீச்சரம்மாவின் கறுப்புக் குடை ஒரு முப்பது யார் தூரம் முன்னால் தெரிந்தது. "டீச்சரம்மா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வாகனச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன், மடையன்.

அந்த நேரம் பார்த்து ஏதோ பெரிய ஆட்களின் வாகனங்கள் வருகின்றன என்று தடுப்பில் நின்றவர்கள் கயிற்றை இழுத்தார்கள். "நவத்தின்ன! நவத்தின்ன!" நில்லுங்கள் என்று சத்தம். அத்தனை சனமும் வைத்த கால் வைத்தபடி நின்றது. கறுப்புக் குடை மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

"ஏய், நோனா! நவத்தின்ன!"

குடை நடக்கிறது. ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிவிட்டான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். அவனுக்கும் பயம், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயந்தவன் கையில் இருக்கிற துவக்குத்தான் மோசம்.

ஓடிப்போய் இழுக்கலாமென்றால், தடுப்பில் ஓடுகிறவனை முதலில் சுடுவார்கள். அது கொழும்பில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கையில் இருந்த தாளோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "எபா, மாத்தயா, எபா! கன் ஆஹென்னே நே! நோனாட்ட கன் ஆஹென்னே நே!" சுடவேண்டாம், அந்த அம்மாவுக்குக் காது கேட்காது என்று.

எத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்! இன்னொரு ஆமிக்காரன் ஓடிப்போய் டீச்சரம்மாவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினான். அவர் நின்றார். அவன் வாயைப் பார்த்தார். "சமாவென்ன, புத்தா" என்று மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். துவக்கு இறங்கியது. நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

அந்த ஃபோமைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம். போகும்போதும் வரும்போதும் குடையை நான்தான் பிடித்தேன். வீட்டுக்கு வந்து, காது மெசினைத் தாருங்கள் என்று கை நீட்டினேன். தந்தார். உட்கார்ந்துகொண்டு என் காதில் வைத்தேன். சுவர் மணிக்கூடு அடிப்பதுகூடக் கேட்டது. எழுந்து நாலு அடி நடந்தேன். கர், புர், பிறகு ஒன்றுமில்லை. நின்றால் கேட்கிறது. நடந்தால் செத்துப்போகிறது.

"எத்தின நாளா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. தலையைத் திருப்பினாலே அறுந்துபோச்சு."

"வடிவாக் கேக்குதுன்னீங்களே!"

"உம்மடை வாயைப் பார்த்துச் சொன்னனான்."

அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்கு ஒருநாள்தான். "சுட்டிருப்பானுங்க! கண்ணுக்கு முன்னால சுட்டிருப்பானுங்க! என்ன நடக்குதுன்னு சொல்லு சொல்லுன்னு என் உசிர எடுப்பீங்களே, ஒங்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லியா? ஒங்களக் கொன்னது என் கைன்னு நான் சாகிற வரைக்கும் இருந்திருக்கணுமா?" என்னென்னவோ கத்தினேன். கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பார்த்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கு வேலை முடிய நீர் உம்மடை கையைப் பார்த்தனீர். அது நடுங்கேல்லை. உம்மடை முகம் எப்பிடி இருந்தது எண்டு உமக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு கேக்கேல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, பழனி. நான் செய்தது பிழை."

கொப்பியை எடுத்தார். தான் எழுதின வரியைக் கோடு போட்டு வெட்டினார். அதற்குக் கீழே, 'நடந்தது: நடக்கும்போது அறுகிறது' என்று எழுதினார். 'செய்தது' பத்தியை வெறுமையாக விட்டு என் பக்கம் தள்ளினார்.

அடுத்த நாள் காலை அந்த வயரைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அப்போதுதான் என் மடத்தனம் விளங்கியது. நான் அதுவரை தொட்ட வயரெல்லாம் செம்புக் கம்பி. இது கம்பியே இல்லை. மெல்லிய நூல், அந்த நூலின் மேல் தலைமயிரைவிட மெல்லிய செம்புத் தகடு சுற்றியிருக்கிறது. ஓயாமல் வளைய வேண்டிய வயர் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் ஈயம் வைத்தால் சூட்டில் உள்ளே நூல் கருகும், ஈயம் கட்டியாக நிற்கும், அசைகிற ஒவ்வொரு தடவையும் கட்டிக்குப் பக்கத்தில் தகடு முறியும். நூலுக்கு நெருப்பு வைத்தது நான். மோட்டர் கட்டுகிறவன் செய்கிற பிழை அது. ஒரு தையல்காரியிடம் கொடுத்திருந்தால் அவள் செய்திருக்கமாட்டாள்.

அப்படியானால் நூலை எப்படிச் சேர்ப்பது? கட்ட வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் தூண்டில் முள்ளுக்கு நைலோன் நரம்பு சுற்றுவார்களே, அந்த மாதிரி. இரண்டு முனையையும் அருகருகே படுக்க வைத்து, ஒரு பழைய ஃபேன் வயரிலிருந்து உருவின ஒற்றைச் செம்பு இழையால் நெருக்கி நெருக்கிச் சுற்றினேன். அதன் மேல் ஒரு பித்தளைக் குழாய் வேண்டும். பால்பொயின்ட் பேனைக்குள் இருக்கிற மைக் குச்சியின் நுனியில் பித்தளை இருக்கிறது அல்லவா, அதை வெட்டி, எழுதுகிற குண்டைத் தட்டி எறிந்துவிட்டு, உள்ளே விட்டுக் குறட்டால் நசுக்கினேன். குச்சியின் பிளாஸ்டிக்கை மேலே உறையாகப் போட்டேன். சொல்ல நாலு வரி. செய்யும்போது மூன்று தடவை அறுந்தது. மூன்று தடவையும் கை நடுங்கித்தான் அறுந்தது. டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவேயில்லை. நாலாவது தடவை நின்றது.

"கேக்குதான்னு நான் இனி ஒங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்றேன்.

"கேக்காதையும்" என்றார். "நான் முன்னாலை நடக்கிறன். நீர் எனக்குப் பின்னாலை வந்து கதையும். உம்மடை வாய் எனக்குத் தெரியக்கூடாது. நீர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லுவன். அறுந்தால் கையைத் தூக்குவன்."

கிணற்றடியிலிருந்து தொடங்கி வீட்டைச் சுற்றி நடந்தோம். நான் ஆறு அடி பின்னால். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். அவர் திரும்பாமலே ஒன்று, இரண்டு, மூன்று என்றார். பதினைந்து வந்ததும் தலையை ஆட்டினார்.

"எண்ணிக்கை சரிவராது. பதினைஞ்சுக்குப் பிறகு பதினாறு எண்டு கேக்காமலே சொல்லுவன்."

மோட்டர் சாமான் பெயர்களைச் சொன்னேன். பேரிங், புஷ், கார்பன். "அதுவும் எனக்குத் தெரிஞ்சதுதான், ஊகிச்சுப்போடுவன். எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லும். அப்பத்தான் உண்மையாக் கேட்டனோ எண்டு தெரியும்."

அவருக்குத் தெரியாதது என்னிடம் என்ன இருந்தது? என் வேலை முழுக்க அவருக்குத் தெரியும். என் பிள்ளைகளின் மார்க் தெரியும். ராஜத்தின் ரத்தக் கொழுப்பு வியாதி தெரியும். அவருக்குத் தெரியாதது பதினெட்டு நாள்தான் இருந்தது. ராஜத்துக்கும் தெரியாத பதினெட்டு நாள். அதுவும் யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல என்னால் முடியாமல் இருந்த பதினெட்டு நாள். என் முன்னால் இப்போது முகம் இல்லை. ஒரு வெள்ளைச் சேலையும் நரைத்த கொண்டையும்தான் நடந்துகொண்டிருந்தன.

"முதல் நாள் எங்க கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க" என்றேன்.

"முதல் நாள் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனவங்கள்" என்றார் அவர்.

"ஒரு அறையில இருபத்தாறு பேர்."

"ஒரு அறையிலை இருபத்தாறு பேர்."

மூன்றாவது வசனம் சொன்னேன். அதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. மெசின் நின்றுவிட்டதோ என்று கையைப் பார்த்தேன். கை தூக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். நானும் பின்னாலேயே நடந்து சொல்லிக்கொண்டே போனேன். பலாவைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, கேற்றடி வந்து, மறுபடியும் கிணற்றடி. எத்தனை சுற்று என்று தெரியாது. மாடியில் இருந்தவர்கள், ரீச்சரும் பழனி அண்ணையும் என்ன பைத்தியமாட்டம் வீட்டைச் சுற்றுகிறார்கள் என்று பார்த்திருப்பார்கள். கையைப் பற்றிய இடத்தை முதலில் தள்ளிவிட்டுப் போனேன். இன்னொரு சுற்று வந்தோம். பிறகு அதையும் சொன்னேன். பதினெட்டாம் நாள் வரை சொல்லி முடித்தேன்.

கிணற்றடியில் அவர் நின்றார். நானும் அதே ஆறு அடி தள்ளி நின்றேன். முகம் கழுவினதுபோல் என் முகமெல்லாம் ஈரம். அதை அவர் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், திரும்பவில்லை. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது.

"அறுந்துச்சுங்களா, டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை, பழனி" என்றார், கிணற்றைப் பார்த்தபடியே. "ஒரு சொல்லும் விடாமல் கேட்டனான்."